வானொலிக்குத் தொண்டர் வேண்டும்

சென்ற தவணை விடுமுறையின்போது, எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் சிலர் ஒரு துண்டுத்தாளுடன் எம்மைக் காண வந்தனர். அனைவரும் ஹேவாஹெட்ட பகுதித் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கொழும்புக் கடையொன்றிற் சில ஆண்டுகள் நின்று திரும்பியவர். ஒருவர் ஆசிரியத் தொழிலுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர். ஒருத்தி பேராதனையில் இரண்டாமாண்டு படிப்பவள். மலையக மக்களுக்கென ஓர் இணைய வானொலி தொடங்கவிருப்பதாகவும், அதிற் சம்பளமின்றிப் பணியாற்றத் தொண்டர்கள் வேண்டுமென்றும் அத்தாள் அறிவித்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை திருத்தித் தரவேண்டும் என்பதே அவர்கள் கேட்ட உதவி.

எழுத்துப் பிழைகள் இரண்டே இருந்தன. அவற்றைத் திருத்துவதற்கு அரை நிமிடமும் ஆகவில்லை. ஆயின் அதன் நடுவே தொண்டர்க்குரிய தகுதிகள் என நான்கு வரிகள் இருந்தன. நல்ல குரல்வளம், தூய உச்சரிப்பு, உயர்தரப் பரீட்சையிற் சித்தி, சொந்தமாகக் கணினி. அந்த நான்கு வரிகளையும் படித்த பின் எமது பேனா மேலே செல்லவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள், தோட்டத்து மக்களுக்காகத் தொடங்கும் வானொலியின் வாசலில், தம்மைப் பெற்ற தாயே நுழைய முடியாத ஒரு கதவை நிறுத்தியிருந்தனர். வீட்டிலே "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று பேசும் பிள்ளையை வகுப்பிலே எழுப்பி நிறுத்தித் திருத்தியவர்கள் நாமே. "தூய உச்சரிப்பு" என்ற சொற்றொடரை அவர்கள் வேறெங்கும் கற்கவில்லை.

ஆகவே, வானொலிக்கு ஆள் சேர்த்த கதையை அவர்களோடு சேர்ந்து நாமும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

எமது மலையில் ஒலி பரப்பும் தொழில் மின்சாரத்துக்கு மிக முந்தியது. எமக்கு அயலிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கே தொடங்கிற்று. காப்பித் தோட்டக் காலந்தொட்டே விடியுமுன் லயங்களை எழுப்பியது தப்பின் ஓசை. அவ்வோசை மலைக்கு மலை எதிரொலித்துச் சென்றது. அது சொன்ன செய்தி ஒன்றே: பெரட்டுக்கு வா. மேலிருந்து கீழே வரும் குரல் அது. கீழிருந்து மேலே செல்லும் குரலுக்கு வழி எதுவும் இருக்கவில்லை. அடித்தவனும் தொழிலாளியே என்பதை மறந்துவிடலாகாது. அவனுடைய கையும் தப்பும் ஒலிபரப்பின, செய்தி துரையினுடையது. இந்த வேறுபாடு பின்னர் வந்த வானொலிக்கும் பொருந்தும்.

இலங்கையில் வானொலியைக் கொணர்ந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1921 ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த அவர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். அவரைச் சூழ்ந்து ஆர்வலர் கழகமொன்று உருவாயிற்று. 1925 டிசம்பர் 16 ஆம் நாள் முறையான சேவை தொடங்கிற்று. இலண்டன் பி.பி.சி. தோன்றி மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. ஆசியாவில் இவ்வளவு விரைவாக வானொலி கண்ட நாடுகள் மிகச் சில. இப்பெருமையை எமது பாடநூல்கள் கூறும். அக்கழகத்திற் கூடியவர்கள் எவர் என்ற வினாவை மட்டும் அவை எழுப்புவதில்லை. பிரித்தானிய உத்தியோகத்தரும் அவர்களோடு பழகிய உள்நாட்டுக் கனவான்களும் கூடினர். அவர்களும் தொண்டர்களே, ஊதியம் பெறவில்லை. மாலையில் ஓய்வும் பெட்டியில் பணமும் உள்ளவர்க்குத் தொண்டு எளிது.

கடலுக்கு அப்பால் சென்னையிலும் இதுவே நடந்தது. 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை 31 ஆம் நாள் அது ஒலிபரப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் வானொலியை நடத்தியது அரசன்று, வாணிக நிறுவனமுமன்று, ஆர்வலர் கூட்டம். மூன்றே ஆண்டுகளில், 1927 இல், பணமின்றி அது நின்றுபோயிற்று. கருவியைச் சென்னை நகரசபையிடம் ஒப்படைத்தனர். 1930 இல் நகரசபை ஒலிபரப்பை ஏற்றது. 1938 இல் அகில இந்திய வானொலி வந்து அதனையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. தொண்டர் தொடங்கினர், நகரசபை வளர்த்தது, அரசு எடுத்துக்கொண்டது. வரவுசெலவுக் கணக்கை எழுத மறந்த ஆர்வம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதற்கு அக்கழகம் சான்று.

1942 ஆம் ஆண்டில் பம்பாயில் இளம் மாணவி உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய இரகசியக் காங்கிரஸ் வானொலியின் கதை வேறு. ஆகஸ்டுப் போராட்டத்தில் தலைவர்கள் சிறைசென்றபின் அது பேசத் தொடங்கிற்று. இடம்விட்டு இடம் மாறி, நவம்பர் 12 ஆம் நாள் பொலிசார் கைது செய்யும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம் ஒலித்தது. அங்கே தொண்டனாகச் சேர்வதற்கு எவரும் உச்சரிப்புத் தேர்வு வைக்கவில்லை. தேர்வைப் பொலிசார் வைத்தனர்.

எமது மலையகத்திலும் அக்காலத்தில் கம்பியும் மின்சாரமுமற்ற ஒரு வானொலி இருந்தது என நாம் எண்ணுவதுண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டுப் பாடினார். துரைமார் கூட்டத்தைத் தடுத்தனர். பாட்டைத் தடுக்க இயலவில்லை. பாட்டுக்குக் கூடிய மக்களிடம் பின்னர் நடேசய்யர் பேசினார். அப்பாடல்கள் சிறு நூல்களாக அச்சேறி, எழுத்தறிந்த ஒருவர் படிக்க ஏனையோர் பாடி, மலைகளைக் கடந்து சென்றன. மீனாட்சியம்மையாரின் குரலுக்கும் இன்றைய மாணவர்களின் முயற்சிக்கும் இடையே அறுபட்டுக் கிடக்கும் நூல் ஒன்றுண்டு. நடுவில் அதனை அறுத்தவை நாடற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த ஆண்டுகளுமே.

அந்த ஆண்டுகளிலேதான் இலங்கை வானொலி புகழின் உச்சியை எட்டிற்று. போர்க்காலத்தில் நேசப்படைகள் நிறுவிய வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பிகள் கைக்கு வந்தன. 1949 இல் அது தனித் திணைக்களமாயிற்று. இந்தியத் தகவல் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாடல்களை வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, இந்தியத் துணைக்கண்டமே கொழும்பை நோக்கிச் செவிசாய்த்தது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் முழங்கிற்று. யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் இலண்டனிலே பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் "தமிழோசை" எனப் பெயர் சூட்டியவர். 1954 இல் "ஒலிபரப்புக் கலை" என்ற நூலையும் தந்தார். பேசும் சொல் எழுதும் சொல்லினின்று எவ்வாறு வேறாதல் வேண்டும் என்பதைத் தமிழில் ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. இவர்கள் செய்த பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயின் அந்த வானொலியில் மலைநாட்டுத் தொழிலாளிக்கு அமைந்த இடம் எது? கேட்பவனின் இடம். தேர்வு வைத்துப் பொறுக்கப்பட்ட குரல்கள் பேசின, மலை கேட்டது. தபாலட்டையில் விருப்பப் பாடல் எழுதிப் போட்டவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வானொலியில் ஒலித்தபோது, லயமே கூடிநின்று மகிழ்ந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். வாக்குச்சீட்டில் இல்லாத பெயர், குடியுரிமைப் பதிவில் இல்லாத பெயர், வானொலியில் ஒரு கணம் இருந்தது. இதனை ஏளனமாக எண்ணுவோர், பெயரிழந்து வாழ்ந்தவர்களின் நிலையை அறியாதவர்கள். இருந்தும், பெயரைச் சொல்லும் வாய் வேறொருவருடையதாகவே இருந்தது.

மாற்றம் எதிர்பாராத இடத்தினின்று வந்தது. 1981 ஆம் ஆண்டில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகார சபையும் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலிச் சமுதாய வானொலியை ஆரம்பித்தன. நோக்கம் புரட்சியன்று, அணைகளால் இடம்பெயர்ந்து குடியேறிய விவசாயிகளை அபிவிருத்தித் திட்டத்துக்கு இணக்குவதே நோக்கம். எனினும் அதன் முறை புதியது. தயாரிப்பாளர் குழு கொழும்பிலிருந்து பேசாமல் கிராமத்துக்குச் சென்று, சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களையே பேசவும் பாடவும் நடிக்கவும் செய்து பதிவுசெய்தது. கிராமத்தான் முதன்முறையாகத் தன் குரலைத் தானே கேட்டான். கேட்டபின் அவன் பழையபடி வாய்மூடி இருப்பானா?

கொத்மலை அணை 1985 இல் நிறைவெய்தியது. நீரில் மூழ்கிய கிராமங்களின் மக்களுட் சிலர் தொலைவிலுள்ள புதிய குடியேற்றங்களுக்குச் சென்றனர். சிலர் மலைநாட்டிலேயே தேயிலைக் காணி பெற்றுத் தங்கினர். 1989 இல் அப்பகுதிக்கெனக் கொத்மலைச் சமுதாய வானொலி நிறுவப்பட்டது. சுற்றிலும் 20 கிலோமீற்றர் அளவே அதன் எல்லை. சம்பளம் பெற்றோர் சிலரே. அயலூர் இளைஞரும் யுவதியருமே நிலையத்தின் நாளாந்த வேலையைத் தொண்டாகச் சுமந்தனர். செய்தி திரட்டினர், பதிவு செய்தனர், அறிவித்தனர். இவர்களே எமது மாணவர்களுக்கு மிக அண்மையான முன்னோர். மலையைக் கடந்தால் அடுத்த பள்ளத்தாக்கு கொத்மலை.

அந்நிலையம் 1999 இல் இணையத்தோடு பிணைக்கப்பட்டது. இணையம் என்பதை நாட்டிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத காலம் அது. கம்பளை, நாவலப்பிட்டி பொதுநூலகங்களிலும் மக்களுக்கென இணைய வசதி செய்யப்பட்டது. ஆயின் எல்லோரும் கணினி முன் அமர முடியாது. அமர்ந்தாலும் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே அவர்கள் ஒரு வழி கண்டனர். நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி கேட்பர். அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பு நேரத்திலேயே இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தம் மொழியிற் சொல்வர். நோய் பற்றிய கேள்வியாயின் மருத்துவர் ஒருவரை அருகிருத்தி விளக்குவர். கேட்பவனுக்குக் கணினி வேண்டியதில்லை, ஆங்கிலம் வேண்டியதில்லை. பழைய வானொலிப் பெட்டி ஒன்றே போதும். உலகின் பல நாடுகள் இம்முறையை வந்து கண்டு சென்றன. 2006 ஆம் ஆண்டளவில், மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் ஏற்றிய முச்சக்கர வண்டியொன்று அந்நிலையத்திலிருந்து மலைப்பாதைகளில் ஏறி, வர இயலாதவர்களிடம் தானே சென்றது.

இத்தனையும் பாராட்டுக்குரியன. பாராட்டியபின் குறையையும் சொல்லவேண்டும். கொத்மலையைச் சூழ்ந்த சரிவுகளெங்கும் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். நிலையத்தின் முதன்மை மொழியோ சிங்களமாகவே இருந்தது. தமிழ்த் தொண்டர் வராமல் தமிழ் நேரம் வளராது. தமிழ் நேரம் இன்றித் தமிழ்த் தொண்டர் வரமாட்டார். இந்த வட்டத்துக்குச் சிங்களத் தோழர்களின் பகைமையைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆயின் அது உண்மையின் சிறு பகுதியே. கிராமத்து இளைஞன் நெல்லறுவடை முடிந்தால் ஓய்வுள்ளவன். தோட்டத்துப் பெண்ணோ காலை பெரட்டுக்குச் சென்று, மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்து, விறகும் நீரும் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறிட்டபின் இருட்டிவிடும். அவளுடைய தொண்டுக்கு மணி எங்கே மீதி? 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015 இல் எழுந்து, 2021 இல் வர்த்தமானியில் வருவதற்கே ஆறாண்டுகள் சென்றன. அத்தகைய மக்களிடம் சென்று "சம்பளமின்றி உழைக்க வாரீர்" என்று கூறும்போது, அச்சொல் அவர்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை எண்ணவேண்டும். சம்பளமின்றி உழைத்த அனுபவம் அவர்களுக்குப் புதிதன்று.

நிலையத்துக்கு அரசு உரிமையாளராக இருந்ததும் ஒரு குறையே. கூட்டுத்தாபனத்தின் கூரையின்கீழ் இருந்தபடியால், எதைப் பேசலாம் என்ற எல்லை தொண்டர் வகுத்ததன்று. பிற்காலத்தில் இன்னொரு போட்டியும் வந்தது. 1998 ஆம் ஆண்டில் சூரியன், சக்தி என்னும் தனியார் தமிழ் வானொலிகள் தோன்றின. மூச்சுவிடாமற் பேசும் நடை எங்கும் பரவிற்று. எமது வகுப்பறைகளிற்கூட அதன் எதிரொலி கேட்டது. சிறு நிலையமொன்றிற் பழகிய இளைஞனுக்குச் சம்பளமும் புகழும் கொழும்பில் காத்திருந்தால், அவன் செல்வதைக் குறைகூற முடியுமா? தொண்டர் படை ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர். ஊற்றுபவர் ஓயாமல் ஊற்றவேண்டும்.

பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர் இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தனர். 1940களின் இறுதியிலிருந்து அவர்கள் தம் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கித் தம் சங்கங்களின் பெயரால் வானொலிகளை நிறுவினர். குழியிலிருந்து மேலே வந்தவன் ஒலிவாங்கியின் முன் நின்று பேசினான். 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, அவ்வானொலிகள் ஒன்றோடொன்று சங்கிலியாய் இணைந்து செய்தியைக் காத்தன. படையினர் ஒவ்வொரு நிலையமாகத் தாக்கி அடக்கினர். அங்கே தொண்டரை எவரும் வெளியிலிருந்து சேர்க்கவில்லை. பணம் கொடுத்தவனே உரிமையாளன், உரிமையாளனே பேசுபவன்.

உச்சரிப்புப் பற்றிய எமது மாணவரின் அச்சத்துக்கு விடை, தெலுங்கானாவின் சகீராபாத் அருகே கிடைக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் அலைவரிசைகள் மக்களின் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. 2008 அக்டோபர் 15 ஆம் நாள் அங்கே தலித் பெண்கள் "சங்கம் ரேடியோ"வைத் தொடங்கினர். நரசம்மா என்னும் ஒரே பெயருடைய இரு பெண்கள் அதனைக் கொண்டு நடத்தினர். நகரத்துத் தெலுங்கிலன்று, வயலில் தாம் பேசும் தெலுங்கில் பேசினர். விதைகளைப் பற்றியும் புன்செய்த் தானியங்களைப் பற்றியும் அவர்கள் பேசியபோது, கேட்டவர்களுக்கு விளங்காத சொல் ஒன்றும் இருக்கவில்லை. படித்தவர்க்கு விளங்காத சொற்கள் சில இருந்திருக்கலாம்.

இனி இணைய வானொலிக்கு வருவோம். கார்ல் மலமூட் என்னும் அமெரிக்கர் 1993 இல் இணையத்தில் உரையாடல்களை ஒலிபரப்பியதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று இதற்குக் கோபுரம் வேண்டா, அலைவரிசை வேண்டா, இலவசமாகக் கிடைக்கும் ஐஸ்காஸ்ட் போன்ற மென்பொருளும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். மாணவர்கள் இதனை மிக்க உற்சாகத்தோடு எமக்கு விளக்கினர். நாம் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினோம். நொடிக்கு 64 கிலோபிட் என்ற எளிய தரத்தில் ஒருவர் ஒரு மணிநேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். பண்பலை வானொலியில் ஒருவர் கேட்டாலும் ஓராயிரம் பேர் கேட்டாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. கேட்பவனுக்கும் மின்கலத்தின் விலையே. இணையத்திலோ ஒவ்வொரு செவிக்கும் தனித்தனி ஓடை வேண்டும். நூறு பேருக்கு நூறு மடங்கு. கேட்பவனும் தன் டேட்டாக் காசைக் கொடுத்தே கேட்கிறான். ஆகவே இவ்வானொலி முதலிற் சென்றடைவது அடுத்த லயத்தையன்று. கொழும்பிலும் வளைகுடாவிலும் வேலைசெய்யும் பிள்ளையை.

இதனைக் கேட்டு அவர்கள் சோர்வர் என எண்ணினோம். பேராதனை மாணவி வேறு விதமாகச் சொன்னாள்: அவளுடைய பாட்டியின் தங்கை நீலகிரியில் இருக்கிறாராம். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. சென்றவர்களுக்கெனத் தமிழ்நாட்டரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அங்கேயும் அதே செடி, அதே கூடை. பாட்டி பாடும் கும்மியைத் தங்கை அங்கிருந்து கேட்கட்டுமே என்றாள். அந்த விடைக்கு எம்மிடம் மறுப்பு இருக்கவில்லை. அவளுடைய பாட்டியோ நான்கு தகுதிகளுள் ஒன்றேனும் இல்லாதவர் என்பதை மட்டும் நினைவூட்டினோம். அறையில் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

பின்னர் தாளை நடுவில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். உச்சரிப்பு வரியை முதலில் வெட்டியவர் கொழும்பிலிருந்து திரும்பிய இளைஞர். சித்தியும் கணினியும் அடுத்து வெட்டுண்டன. குரல்வளம் பற்றிச் சிறிது தர்க்கம் நடந்தது. கேட்கும்படி பேசினாற் போதும் என முடிவாயிற்று. சம்பளமில்லை என்ற வரியை மறைக்கக்கூடாது என்பதில் நாம் உறுதியாக நின்றோம். ஆயின் பஸ் கட்டணமும் டேட்டாச் செலவும் கொடுக்கப்படும் என்று அதன் கீழே சேர்த்தோம். அதற்கான பணத்துக்கு, கண்டியில் தொழில்செய்யும் பழைய மாணவர்களிடம் மாதச் சந்தா கேட்பது; கணக்கை மூன்று மாதத்துக்கொருமுறை வானொலியிலேயே வாசிப்பது. சிங்களம் பேசும் அயற்கிராமத்து இளைஞரையும் அழைக்கலாமா என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். அழைப்பின் மறுபக்கத்தைச் சிங்களத்தில் அச்சிடுவதென ஏற்றனர். மொழிபெயர்த்துத் தர எமது பாடசாலைச் சிங்கள ஆசிரியை இசைந்துள்ளார்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு என எழுதியிருந்தனர். அந்நேரத்தில் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ் இல்லை, பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பத்து மணி என மாற்றினோம். துண்டுத்தாளை எங்கே ஒட்டுவது என்ற கேள்விக்கு, பாடசாலைச் சுவரிலும் நூலகத்திலும் என்றனர் இளைஞர்கள். கொழுந்து மடுவத்தில் முதலில் ஒட்டுவோம், எழுத்தறியாதவர்களுக்கு நிறுவை முடியும் வேளையில் ஒருவர் நின்று வாசித்துக் காட்டட்டும் என்றாள் அம்மாணவி. வாசிக்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள்.